அங்க ஆர் இருக்கினம்?

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா?

கவனித்தவர்கள் மிகச் சிலர்தான். அதில் ஒருவர் என் மைத்துனர். அவரைக் கணக்கில் எடுக்க முடியாது – எழுத்துப்பிழை பிடிப்பதற்காகவே வாசிப்பவர். இன்னொருவரை சனிக்கிழமை ரொறன்ரோ ஸ்காபரோவில் மீன்கடையில் சந்தித்தேன். விளைமீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றபோது தோளில் ஒரு தட்டு.

"என்ன அண்ணை, போன கிழமை உங்கட எழுத்தைக் காணேல்லை. சுகமில்லையோ?"

"சுகம்தான். ஒரு கிழமை வெளியில போட்டு வந்தனான்."

"எங்க, லண்டனோ?"

"இல்லை. டொமினிக்கன் றிப்பப்ளிக்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். தனக்குத் தெரிந்த குடும்பங்களையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்தார் என்று நினைக்கிறேன். ஒருவரும் அகப்படவில்லை.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"கலியாணம் ஏதும்?"

"இல்லை."

"செத்தவீடோ?" குரல் தணிந்துவிட்டது.

"இல்லை அண்ணை. சும்மா... கடற்கரையில இருக்கிறதுக்கு. நானும் மனிசியும்."

"நீங்கள் ரெண்டு பேர் மட்டுமோ?" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையைப் பிடித்து, இறால் பெட்டிப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார். "ஏன் அண்ணை... வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

சிரித்து மழுப்பிவிட்டேன். மீனை வாங்கிக்கொண்டு காரில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். மனுசன் பிழையாக ஒன்றும் கேட்கவில்லையே!

நீங்களே சொல்லுங்கள். எங்களில் எத்தனை பேர் ஆளில்லாத ஊருக்குப் போயிருக்கிறோம்? லண்டனுக்குப் போவது பெறாமகளின் கலியாணத்துக்கு. பாரிஸுக்குப் போவது மருமகள் பெரியவளான சாமத்தியவீட்டுக்கு. நோர்வேக்குப் போவது மச்சானின் வீடு குடிபூரலுக்கு. ஈபிள் கோபுரத்தை நான் பார்த்ததே மண்டபத்துக்குப் போகிற வழியில்தான் – வாகன ஜன்னலால், மடியில் பலகாரப் பெட்டியோடு. யாருடையதோ ஹோலில் வரிசையாகப் படுத்து, காலையில் ஒரே குளியலறைக்கு முறை பார்த்து நிற்பது... அதுதான் எங்கள் விடுமுறை. ஹோட்டலில் தங்கினால் மச்சாள் பிறகு கதைக்க மாட்டாள்.

சரி, அந்தப் 'பிரச்சினை'க்கு வருகிறேன்.

நானும் வதனியும் அண்மையில்தான் வேலையில் இருந்து ஓய்வு பெற்றோம். முதலில் நான். சில மாதங்கள் கழித்து அவள். எனக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. அவளுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்கிற ஃபாக்டரியில் பகல் வேலை. மகள் அபி பிறந்தபோது, பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று தொடங்கிய ஏற்பாடு அது. பகலில் பிள்ளையை நான் பார்ப்பேன். இரவில் அவள் பார்ப்பாள். பிள்ளை வளர்ந்தாள், படித்தாள், கலியாணம் முடித்தாள், நகரத்தின் மறுபக்கத்தில், பிறம்ரனில் வீடும் வாங்கினாள். ஏற்பாடு மட்டும் மாறவேயில்லை. ஏன் மாறவில்லை என்று கேட்காதீர்கள். சம்பளம் வந்துகொண்டிருந்தது, பழகியும் போய்விட்டது.

ஆகவே இருவரும் ஓய்வு பெற்றவுடன் ஸ்காபரோ, ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு புதினம் நடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தோம்!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்குச் சிரிப்பாக இல்லை. அவள் கிச்சனுக்குள் வந்தால் நான் ஹோலுக்குப் போய்விடுவேன். நான் ஹோலுக்கு வந்தால் அவள் மேலே போய்விடுவாள். சண்டை இல்லை. வழிவிட்டுப் பழகிப்போன இரண்டு பேர், அவ்வளவுதான். ஒருநாள் காலை தேநீர் போட்டுக்கொண்டு நின்றவள் திரும்பிக் கேட்டாள்:

"உங்களுக்கு எவ்வளவு சீனி?"

நினைத்துப் பாருங்கள். மகளுக்குக் கலியாணம் கட்டிக் கொடுத்த பிறகு, என் மனைவி என்னைக் கேட்கிறாள் – எவ்வளவு சீனி என்று.

"உம்மட விருப்பம்" என்றேன்.

இந்த நேரத்தில்தான் பிறம்ரனில் இருந்து அழைப்பு வந்தது. அபிக்குப் பிள்ளைப்பேற்று லீவு முடிகிறது. "அம்மா, நீங்கள் எங்களோட வந்து நில்லுங்கோவன். பேபியை டேகெயாரில விட எனக்கு விருப்பமில்லை. ஃபிரைடே பின்னேரம் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், சண்டே திரும்பக் கொண்டுவந்து விடட்டும்." பேஸ்மென்றில் ஒரு சின்ன அறை தயார். ஒரு ஆளுக்கு உரிய கட்டில். அப்பா ரூஜில் இருந்து பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடலாம்.

எங்கள் சனத்தில் இது ஒன்றும் புதுமை இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகிற கார்களைப் பாருங்கள். பாதிக் காரில் பின் சீட்டில் ஒரு அம்மம்மா இருப்பார். மடியில் ஒரு பையோடு, வார இறுதிக்குச் சொந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

"என்ன சொல்லுறியள்?" வதனி என்னைக் கேட்டாள்.

"உம்மட விருப்பம்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அபிதான் சொன்னாள்: "அவசரமில்லை அம்மா. நீங்கள் ரெண்டு பேரும் முதல் ஒரு வெக்கேஷன் போட்டு வாங்கோ, வந்து சொல்லுங்கோ. பிறகு உங்களுக்கு டைமே கிடைக்காது." சொன்ன கையோடு, நாங்கள் மறுக்க முன்பே, கரீபியன் கடற்கரையில் ஒரு ரிசோர்ட்டைப் பதிவுசெய்தும் விட்டாள். அவள் நல்ல மனதோடுதான் செய்தாள். ஆனால் என் காதில் அது பிரியாவிடை விருந்து மாதிரித்தான் விழுந்தது.

எனக்கு வதனியை அனுப்ப மனமில்லை. இதோ, எழுதிவிட்டேன் – எவ்வளவு சுலபம்! அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பேத்தியை விட நீர் எனக்கு முக்கியம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இனிப் பயணம். 'ஓல் இன்குளூசிவ்' என்றால் சாப்பாடு, குடி எல்லாம் அடக்கம், அள்ளக் குறையாது என்று அபி விளங்கப்படுத்தினாள். வதனி கவனமாகக் கேட்டாள். பிறகு சூட்கேஸில் மிக்சர், தட்டை வடை, இடித்த சம்பல், இன்ஸ்டன்ற் நூடில்ஸ் எல்லாவற்றையும் அடுக்கினாள். அதற்குப் பக்கத்தில் ஒரு புதுச் சேலை, இரண்டு சேர்ட், சொக்கலேற் பெட்டிகள்.

"உது ஆருக்கு?" என்றேன்.

கையில் சொக்கலேற்றோடு நின்று யோசித்தாள். "ஓமென்ன... அங்க ஒருத்தரும் இல்லை" என்றாள். என்றாலும் வெளியே எடுக்கவில்லை. வெறுங்கையோடு விமானம் ஏறி அவளுக்குப் பழக்கமில்லை.

ரிசோர்ட்டில் இறங்கியவுடன் கையில் ஒரு நீலப் பட்டி கட்டினார்கள். "அபியைப் பெறேக்க ஆஸ்பத்திரியில கட்டினது. அதுக்குப் பிறகு இப்பதான்" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிலில் துவாயை மடித்து அன்னப்பறவை செய்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனமில்லாமல் கதிரையில் தூக்கி வைத்தாள். அறையைத் துப்புரவாக்க வருகிற பெண் பாவம் என்று ஒவ்வொரு நாளும் அவள் வருமுன்பே கட்டிலை விரித்து, குளியலறையையும் கழுவிவிட்டாள். அந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்து, அறை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய் இலக்கத்தைப் பார்த்தாள். சொக்கலேற் பெட்டி ஒன்று அவளுக்குப் போனது.

சங்கடம் எல்லாம் அந்த அறையில் இருந்த இரும்புப் பெட்டியால்தான் வந்தது.

பாஸ்போட், நகை, பணம் எல்லாவற்றையும் இதற்குள் வைத்து நாலு இலக்கத்தால் பூட்டலாம் என்று எங்கள் சூட்கேஸைத் தூக்கி வந்த இளைஞன் காட்டினான். வதனி கேட்டாள் – நான்தான் மொழிபெயர்த்தேன் – "நம்பர் மறந்துபோனால் என்ன செய்யிறது?"

"கவலைப்பட வேண்டாம் மேடம். நாங்கள் வந்து திறந்து தருவோம்."

அவன் போனதும் என்னைப் பார்த்தாள். "கேட்டனீங்களே? அப்ப அவைக்கும் திறக்கத் தெரியும்."

 உண்மையைச் சொன்னால், எனக்கும் அதற்குள் வைக்க மனமில்லை. நான் அகதியாக ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது கையில் இருந்த பாஸ்போட்டில் முகம் மட்டும்தான் என்னுடையது. பெயர் யாருடையதோ. அதற்குப் பிறகு சொந்தப் பெயரில் ஒன்று கிடைத்தால், அதை எங்கோ ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போக மனம் வருமா? பாஸ்போட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் தலைமுறைக்கு அது ஒரு வியாதி.

ஆகவே ஒரு கறுப்புப் பை தயாரானது. இரண்டு பாஸ்போட், வீட்டைப் பூட்டிய திறப்பு, போன், பிறஷருக்குப் போடுகிற குளிசை, அவளுடைய சங்கிலி. அந்தப் பை எங்களோடு கடற்கரைக்கு வந்தது.

பை வந்தால் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

அவள் கடலில் இறங்க, நான் பைக்குக் காவல். அவள் வந்து தலை துவட்ட, நான் இறங்குவேன். நான் சாப்பிடப் போக, அவள் காவல். நான் திரும்பி வந்து, "அந்த மூலையில மீன் பொரிச்சு வைச்சிருக்கு, அது நல்லாயிருக்கு" என்று சொல்ல, அவள் போவாள். மற்றத் தம்பதிகள் தண்ணீருக்குள் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஒருவர் வர ஒருவர் போய்க்கொண்டிருந்தோம். இதை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. கால் தானாகவே அந்த வழியில் போனது.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. கரையில் பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம், அதற்கும் அப்பால் கருநீலம். காலையில் ஒதுங்குகிற பாசியை ஒரு சின்ன டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். பிறகு மணல் கோலம் போட விட்டது போலத் துப்புரவாகக் கிடக்கும். வதனி வாங்கி வந்த முழுக்கைச் சட்டையும் கறுப்பு லெகிங்ஸும் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல இறங்குவாள். நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கரைப்பக்கம் திரும்பி, ஒரு கையை உயர்த்துவாள்.

நான் துவாயை எடுத்து ஒருமுறை ஆட்டுவேன்.

அவள் திரும்பிக்கொள்வாள்.

முதல் நாள் இதை நான் கவனிக்கவேயில்லை. இரண்டாம் நாள் துவாயை ஆட்டிவிட்டுக் கையைப் பார்த்தேன். இதை எங்கே செய்திருக்கிறேன்? எங்கேயோ செய்திருக்கிறேனே...

பிறகு நினைவு வந்தது. 

ஃபாக்டரி கார் பார்க்.

எங்களிடம் அப்போது ஒரு பழைய கார். நான் இரவு வேலை முடிந்து நேரே அப்பார்ட்மென்றுக்குப் போவேன். வதனி பிள்ளையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்பாள். மூன்று பேருமாக அவளுடைய ஃபாக்டரிக்கு ஓடுவோம். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும். காரை நிறுத்தி, அங்கேயே இருப்போம். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

முதலில் கைமாற்றம். "மருந்து குடுத்திட்டன். சோறு பானையில கிடக்கு. டயப்பர் முடியுது." பிறகு அவள் பிளாஸ்கைத் திறப்பாள். கோப்பை இல்லை, பிளாஸ்கின் மூடி ஒன்றுதான். அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். பேக்கரியில் வடிவம் கெட்டுப்போன பணிஸைப் பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்திருப்பேன் – இன்னும் சூடாக இருக்கும். வெளியே பனி கொட்டும். ஹீட்டர் வேலை செய்கிற மாதிரிச் சத்தம் மட்டும் போடும். பின்னால் அபி வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். வதனி தன்னுடைய சுப்பர்வைசர் நடப்பது போல, தோளை ஒரு பக்கம் சரித்து, சீட்டில் இருந்தபடியே நடித்துக் காட்டுவாள். நான் பணிஸ் புரையேறச் சிரிப்பேன். எங்கள் மூச்சில் கண்ணாடி முழுவதும் புகார் மூடி வெள்ளையாகிவிடும். உலகத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்த மாதிரி இருக்கும்.

மணி அடித்ததும் அவள் பனிக்குள் இறங்கி ஓடுவாள். கதவடியில் நின்று திரும்பி ஒரு கையை உயர்த்துவாள். நான் ஹெட்லைற்றை ஒருமுறை போட்டு அணைப்பேன். ஸ்ரியறிங்கில் சாய்ந்து தூங்கிவிடவில்லை, விழித்திருக்கிறேன், பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோவேன் என்று அர்த்தம். வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவாள். எத்தனை குளிர்காலம்!

களைப்பு, கடன், குளிர் எல்லாம் இருந்தது. ஆனாலும் கடற்கரையில் கறுப்புப் பையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது எனக்கு அந்தக் கார்தான் வேண்டும் போல இருந்தது. அந்த ஒற்றை மூடித் தேநீர் வேண்டும் போல இருந்தது. அந்தக் காலத்து வதனி இடுப்பளவு தண்ணீரில் கண்முன்னே நிற்கிறாள். நான் இங்கே ஒரு பைக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சட்பரியில் இருந்து வந்தவர், பெயர் லிண்டா. தடித்த நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தவர், புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "நான் கேட்கிறேன் என்று கோபிக்காதே. உன் மனைவிக்கு ஏதும் உதவி வேண்டுமா? கையை உயர்த்திக்கொண்டே இருக்கிறாள்."

நான் விளக்கினேன். கார், பனி, ஹெட்லைற் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு மனுசியிடம் ஏன் இவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் இரண்டு பேரும் கோபத்தில் இருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன். சேர்ந்து இருந்ததையே காணவில்லை. சரி, அப்போது உங்களுக்கு வேறு வழியில்லை. இப்போது?"

"இப்போது இருவரும் ரிட்டயர்ட்."

"பிறகு ஏன் இன்னும்?"

நான் பையைக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். "கொண்டுவா. நான் பார்த்துக்கொள்கிறேன். போ."

அந்த நேரம் வதனி ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். லிண்டாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். சிரிப்பு மாறாமலே என்னிடம் தமிழில் கேட்டாள்:

"உவ ஆர்?"

"லிண்டா. சட்பரி."

"லிண்டா எண்டு சொன்னால் மட்டும் காணுமே? தகப்பன்ர பேர் என்ன? ஆரெண்டு போய் விசாரிக்கிறது?"

"அப்ப விடும். நான் பையோட இருக்கிறன். நீர் போய்க் குளியும்."

அவள் போகவில்லை. சிரிப்பு போய்விட்டது. கடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இல்லை. நீங்களும் வாங்கோ" என்றாள்.

மிக்சர் கொண்டு வந்த சிப்லொக் பையை எடுத்து உள்ளே இருந்த தூளைத் தட்டினாள். பாஸ்போட்டையும் போனையும் அதற்குள் போட்டு, காற்றை அமத்தி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, எல்லாவற்றையும் கறுப்புப் பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினாள். என் தலையில் தூக்கி வைத்தாள்.

"விழுத்திப் போடாதேங்கோ."

எங்கள் சனத்துக்குத் தலையில் மூட்டையோடு தண்ணீருக்குள் இறங்கிப் பழக்கம் உண்டு. அது சண்டைக்காலத்துத் தண்ணீர், வேறு கதை. இந்த முறை எங்களை யாரும் துரத்தவில்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் படம்கூட எடுத்தது.

ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையை வதனி பிடித்துக்கொண்டாள். அலைக்குப் பயத்தில்தான் பிடித்தாள். ஆனாலும் பிடித்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. காலுக்குக் கீழே சின்ன மீன்கள் ஓடின. 

"அபிக்கு என்ன சொல்லுறது?" கடலைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் பிறம்ரனுக்குப் போகவோ?"

"உம்மட..."

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

"உம்மட விருப்பம்! உம்மட விருப்பம்!" கையை உதறினாள். அலை வந்ததும் திரும்பப் பிடித்துக்கொண்டாள். "தேத்தண்ணிக்குச் சீனி கேட்டாலும் உம்மட விருப்பம். கர்ட்டின் என்ன கலர் எண்டு கேட்டாலும் உம்மட விருப்பம். கட்டின நாளில இருந்து இதையே கேக்கிறன். உங்களுக்கெண்டு ஒரு விருப்பமும் இல்லையோ? நான் போனாலும் ஒண்டு நிண்டாலும் ஒண்டு, அப்பிடித்தானே?"

"நான் உம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாதெண்டுதான்..."

"ஆர் கட்டாயப்படுத்தச் சொன்னது? சொல்லத்தானே சொல்லுறன்! நீங்கள் சொல்லுவியள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். பேப்பரில ஊருக்கெல்லாம் எழுதுறியள்..."

அவளுடைய குரல் உடைந்தது. என் தலையில் பை சரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க எனக்குத் தெரியவில்லை. பையை விட்டேன். அது தோளில் விழுந்து தொங்கியது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன்.

"போகாதேயும்" என்றேன். "தனியப் போகாதேயும். உம்மை விட்டிட்டு அந்த வீட்டில எனக்கு இருக்க ஏலாது. இவ்வளவு காலமும் உம்மைக் கண்டது கார் பார்க்கிலதான். இனியும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து ஏத்திக்கொண்டு போக என்னால ஏலாது வதனி."

அவள் அழுதாளா, கடல்தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதது தெரியும்.

"அப்ப பேத்தியை ஆர் பாக்கிறது?" என்றாள்.

"நான் பாக்கிறன்."

"நீங்களோ?"

"அபியைப் பகலில ஆர் பாத்தது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓமோம். பிள்ளையை நித்திரையாக்கப் போய் நீங்கள் முதல் நித்திரையாகிறனீங்கள்."

"ரெண்டு பேருமாப் போவம். கட்டில் சின்னனெண்டால் நான் கீழ படுக்கிறன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமா வீட்டை வருவம்."

அவள் என் தோளில் தொங்கிய பையை எடுத்து ஈரம் போயிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பவும் என் தலையில் வைத்தாள். "உதை ரூஜிலேயே சொல்லியிருக்கலாம்" என்றாள். "இவ்வளவு தூரம் வந்து, தலையில பையோட நிண்டு சொல்லவேணுமே?"

கரையைப் பார்த்தோம். லிண்டா எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வதனி வழக்கம்போல ஒரு கையை உயர்த்தினாள். லிண்டா குனிந்து துவாயை எடுத்து, பெரிதாக ஆட்டினார்.

"பாவம், நல்ல மனிசி" என்றாள் வதனி. "பின்னேரம் அவவுக்கு அந்தச் சேலையைக் குடுப்பம்."

கொடுத்தோம். மற்ற நாட்களில் பையை லிண்டாவிடம் கொடுத்துவிட்டுப் போனோமா என்று கேட்பீர்கள். இல்லை. அது என் தலையில்தான் இருந்தது. ஒரே நாளில் எவ்வளவுதான் மாறுவது?

ஆனால் மற்ற நேரமெல்லாம் சேர்ந்துதான் இருந்தோம். எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். அவளுக்கு அன்னாசி பிடிக்கும் என்றும், தொட்டுக்கொள்ள உப்பும் தூளும் வேண்டும் என்றும் எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த சுப்பர்வைசரின் நடையை மணலில் நடந்து காட்டினாள். வயதானாலும் அதே சரிவு. நான் அதே மாதிரிச் சிரித்தேன். விட்டுப்போன காலத்தைப் பிடித்துவிட்டோம் என்று கதைவிட மாட்டேன். அதெல்லாம் போனது போனதுதான். எனக்கு இப்போதும் அதில் கவலை உண்டு.

ரொறன்ரோ விமானநிலையத்தில் இறங்கியதும் அபிக்கு விஷயத்தைச் சொன்னோம். "வெயிட்... அப்பாவுமா? அப்பா என்ன செய்வார்?" என்றாள் அவள். "உன்னை வளர்த்ததை இன்னொருக்காச் செய்வார்" என்றாள் வதனி.  அந்தச் சின்னக் கட்டிலை எடுத்துவிட்டுப் பெரிய கட்டில் போடுவதாக மாலையில் அபி சொன்னாள்.

இந்தப் பத்தியைப் பிறம்ரனில், பேஸ்மென்றில் இருந்து எழுதுகிறேன். மேலே பேத்தி தூங்குகிறாள். வதனி சற்று முன் தேநீர் கொண்டு வந்தாள். "எவ்வளவு சீனி?" என்று கேட்டாள். ஒன்றரைக் கரண்டி என்று சொன்னேன். டொக்டர் அரைக் கரண்டிதான் சொன்னவர் என்று அரைக் கரண்டியே போட்டாள். பரவாயில்லை... கேட்டாள், சொன்னேன்.

மீன்கடை அண்ணை இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். 'அங்க ஆர் இருக்கினம்' என்று கேட்டபோது ஒருத்தருமில்லை என்று சொல்லிவிட்டேன். அது பிழை அண்ணை. அங்கே என் மனிசி இருந்தவ. அவவைத்தான் பார்த்துவிட்டு வந்தனான்.